வராதவர்கள் பக்கம்

ஜனவரி 6

கடவுள் துணை.

சின்னவளுக்கு அண்ணி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். உன்னிடம் கேட்க முடியாததால் மேலே இருப்பவரிடம் கேட்கிறேன்.

மூன்று வருஷத்தில் இதுதான் நான் உனக்கு எழுதும் முதல் கடிதம். நீ வேலை பார்க்கும் மலை ஆஸ்பத்திரிக்கு போன் சரியாக எட்டாது என்கிறார் உன் அண்ணன். எட்டினாலும் போன் வேண்டாம். போனில் குரல் உயர்ந்துவிடும். எழுத்தில் உயர்ந்தால் அடித்துவிட்டு வேறு எழுதலாம். இந்தத் தாளிலேயே மேலே இரண்டு வரி அடித்திருக்கிறேன், பார்.

விஷயம் இதுதான். சேவைச் சங்கத்தில் பிப்ரவரி 27 கூட்டத்துக்கு நீ பேச வருகிறாய் என்று உன் அண்ணன் சொன்னார். போன வருஷத்திலிருந்து அவர்தான் செயலாளர். 'நீடித்த சமூக நலவாழ்வு' என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். அழைப்பிதழில் அச்சடிக்க அழகாக இருக்கிறது என்று தலைவர் சொன்னாராம். தலைவர் யார் தெரியுமா, நம் கடைத்தெரு இரும்புக்கடைக்காரர். எல்லாவற்றையும் எடை பார்த்துத்தான் பேசுவார்.

அன்று ராத்திரி நீ எங்கே தங்குவாய் என்று உன் அண்ணன் கேட்டு எழுதச் சொன்னார். அவரே கேட்கலாம். பயம். உனக்கா எனக்கா என்று தெரியவில்லை.

இன்னொன்று. பிரஷர் பார்க்கும்போது எந்தக் கையில் பார்ப்பது சரி? சும்மாதான் கேட்கிறேன்.

உன் அண்ணி

*

ஜனவரி 14

அண்ணிக்கு,

காலை பஸ்ஸில் வந்து, பேசிவிட்டு, ஆறரை மணி பஸ்ஸில் திரும்பிவிடுவேன். தங்கும் ஏற்பாடு தேவையில்லை. சங்கத்துக்கும் இதையே எழுதியிருக்கிறேன்.

அண்ணனுக்குப் பிரஷரா? மறைக்காமல் எழுதுங்கள். நம் வீட்டில் ஒன்றை மறைத்ததால் என்ன ஆனது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: முதல் தடவை இரண்டு கையிலும் பார்த்து, எதில் அதிகமோ அதையே பிறகும் பார்க்க வேண்டும். முதுகு சாய்த்து, கால் தரையில் பட, கை மேஜைமேல் இருக்க, பேசாமல் ஐந்து நிமிஷம் உட்கார்ந்த பிறகுதான் பார்க்க வேண்டும்.

நீங்கள் எதையும் 'சும்மா' கேட்கிறவர் இல்லை.

இப்படிக்கு,
செவிலியர் கண்காணிப்பாளர்

*

ஜனவரி 20

கடவுள் துணை.

சின்னவளுக்கு,

கையெழுத்துக்குப் பக்கத்தில் ரப்பர் முத்திரையும் குத்தியிருந்தாய். என் பெயருக்கு இதுவரை அரசாங்க முத்திரையோடு கடிதம் வந்ததில்லை. தபால்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

உன் அண்ணனுக்கு ஒன்றுமில்லை. கல் மாதிரி இருக்கிறார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் சங்கம் மருத்துவ முகாம் நடத்தியது. மண்டபத்தில் இரண்டு மாடி ஏறணும். ஏறினவர்கள் ஒரு மணி நேரம் வரிசையில் நிற்கணும். நின்ற கையோடு பிரஷர் பார்த்தார்கள். நம் தெருத் தையல்காரருக்கு 190 என்று சீட்டில் எழுதி, பதினைந்து நாள் மாத்திரையும் கொடுத்து அனுப்பினார்கள். மாத்திரை தீர்ந்ததும் மனிதர் பயத்தில் தன் மைத்துனருடைய மாத்திரையை வாங்கி விழுங்க ஆரம்பித்தார். அவருடைய மனைவி என்னிடம் வந்து அழுதாள்.

முகாம் முடிந்து பிரஷர் மிஷின் செயலாளர் வீடு என்று நம் வீட்டு அலமாரிக்கு வந்திருந்தது. எடுத்தேன். அதோடு வந்த தாளை நாலு நாள் படித்தேன். அன்றிலிருந்து வியாழக்கிழமைதோறும் நம் முன்னறையில் நம் தெருக்காரர்களுக்குப் பார்க்கிறேன். பதினாறு பெண்கள், தையல்காரர், பள்ளிக்கூட வாட்ச்மேன் என்று பதினெட்டு பேர். வந்ததும் எல்லோரும் கண்ணை மூடி, வாய் திறக்காமல், அவரவர் கடவுளை நினைத்து உட்கார வேண்டும். அது இல்லாமல் நான் ஒரு வேலையும் தொடங்கினதில்லை. பிறகு பார்ப்பேன், நோட்டில் எழுதுவேன். மருந்து சொல்லமாட்டேன், கொடுக்கமாட்டேன். 160 தாண்டினால் அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன்.

இது தலைவர் காதுக்குப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்தார்.

"ஏம்மா, மிஷின் சங்கத்துச் சொத்து. அடுத்த முகாம் வரைக்கும் ஸ்டோர்ல இருக்கணும். நாளைக்கு யாருக்காவது ஒண்ணு ஆச்சுன்னா பேப்பர்ல சங்கத்துப் பேர்தான் வரும். நீங்க என்ன நர்ஸா?"

"இல்லீங்க. எங்க நாத்தனார் நர்ஸ்."

"அவங்கதான வர்றாங்க? அவங்களே சொல்லட்டும், இது சரியா தப்பான்னு. அவங்க சொன்னா நான் கேட்டுக்கறேன்."

உன் அண்ணன் அந்த நேரம் பார்த்து ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தார். இருபத்தாறு வருஷத்தில் அவர் ஜன்னல் துடைத்து நான் பார்த்ததில்லை.

ஆக, என் வியாழக்கிழமை உன் வாயில் இருக்கிறது. அண்ணி என்று பார்க்காதே. தப்பென்றால் தப்பென்று சொல். நிறுத்திவிடுகிறேன்.

உன் அண்ணி

*

ஜனவரி 26

அண்ணிக்கு,

நிறுத்துங்கள். இந்த வியாழனிலிருந்தே.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். இரண்டு நாள் கழித்துத்தான் எழுதுகிறேன், அப்படியும் கோபம்தான் வருகிறது. எண்ணை எழுதுவது சுலபம். எழுதியதும் ஏதோ வைத்தியம் முடிந்துவிட்ட மாதிரி ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதிதான் ஆபத்து.

அம்மா திடீரென்று விழுந்து இறந்த மறுநாள் அவருடைய தலையணை உறைக்குள் கை விட்டேன். நாற்பத்து மூன்று பிரஷர் மாத்திரைகள். ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. நான் எண்ணினேன் அண்ணி. சிலிண்டர் மாற்றிய தேதியைக்கூட எழுதி வைக்கிறவர் நீங்கள். நாற்பத்து மூன்று நாள் அம்மா மாத்திரை விழுங்கவில்லை என்பது மட்டும் உங்கள் நோட்டுக்கு எப்படித் தெரியாமல் போனது? "பிரார்த்தனை பண்ண நேரம் இருக்கு, எங்கம்மா மாத்திரையப் பாக்க நேரம் இல்லையா" என்று சொந்தக்காரர்கள் முன்னால் கேட்டேன். அப்படிக் கேட்ட இடம் தப்பு. கேள்வி தப்பென்று இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை.

இப்போது பதினெட்டு பேரை உங்கள் நோட்டில் சேர்த்திருக்கிறீர்கள்.

கூட்டத்தில் தலைவர் கேட்டால் பொய் சொல்லமாட்டேன். பார்க்காமலும் சொல்லமாட்டேன். அந்த நோட்டை எனக்கு அனுப்புங்கள். திருத்தி எழுதாமல், உள்ளபடியே.

சின்னவள்

*

பிப்ரவரி 5, வியாழன்

கடவுள் துணை.

சின்னவளுக்கு,

நோட்டை இதோடு பார்சலில் வைத்திருக்கிறேன். திருத்தவில்லை. எண்ணெய்க் கறை ஒரு பக்கத்தில் இருக்கும், மன்னிக்கவும்.

நீ சொன்னபடி நிறுத்திவிட்டேன். மிஷினை அலமாரியில் பூட்டினேன். ஆனால் போன வியாழனும் இன்றும் வழக்கம்போல வந்துவிட்டார்கள். "மிஷின் இல்லை" என்றேன். "பரவாயில்லக்கா, உக்காந்துட்டுப் போறோம்" என்றாள் காய்கறிக்காரி. ஐந்து நிமிஷம் உட்கார்ந்தார்கள், எழுந்து போனார்கள். இதைத் தடுக்க நீ சொல்லவில்லையே என்று விட்டுவிட்டேன்.

நோட்டின் கடைசியில் ஒரு பக்கம் இருக்கும். 'வராதவர்கள்' என்று தலைப்பு. யார் வரவில்லையோ, மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போய் ஏன் என்று கேட்டு எழுதியிருக்கிறேன். மாத்திரையை நிறுத்தியவர்களையும் அதில்தான் சேர்த்தேன். காரணங்களைப் படி. "மருமகளுக்கு லீவு இல்லை, பேரனை யார் பார்ப்பது." "நல்லாயிட்டேன்னு நினைச்சேன்." "வரிசையில நின்னா அன்னிக்குக் கூலி போச்சு." எட்டாவது வரியில் காய்கறிக்காரி. அவள் மாத்திரையை நிறுத்தியதற்குக் காரணம், அதைப் போட்டால் அடிக்கடி ஒதுங்க வேண்டியிருக்கிறது. சந்தையில் பொம்பளைக்கு அதற்கு இடம் இல்லை. பதினோராவது வரியில் பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறவள், அதே காரணம். பதினாலாவது வரியில் பள்ளிக்கூட ஆயா. அதே காரணம்.

மூன்றாவது தடவை அந்த வரியை எழுதும்போதுதான் எனக்கு உறைத்தது. பேனாவை வைத்துவிட்டு அடுப்படியில் போய் நின்றுகொண்டேன்.

அத்தையின் கட்டில் உள் அறையில். குளியலறை கொல்லையில், இரண்டு படி இறங்கணும். நான்தான் கைப்பிடித்துக் கூட்டிப் போவேன். ஒரு நாள் ராத்திரி அடுப்படி வேலை மலையாகக் கிடந்தது. "இப்பத்தான அத்தை போயிட்டு வந்தீங்க" என்று சொல்லிவிட்டேன். ஒரே ஒரு தடவை. அத்தை "ஆமாம்மா, சும்மாதான்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு என்னை அவ்வளவாகக் கூப்பிடவில்லை. எனக்கு வேலை குறைந்தது என்று நினைத்தேன்.

மாத்திரையைக் கையில் கொடுத்தேன். தண்ணீர் கொடுத்தேன். தேதி போட்டு எழுதினேன். விழுங்கினார்களா என்று பார்க்கவில்லை. கொடுத்த கணக்கு என்னிடம் சுத்தமாக இருந்தது.

நீ சொந்தக்காரர்கள் முன்னால் கேட்டபோது எனக்கு உன்மேல் வந்த கோபம் கொஞ்சமில்லை. மூன்று வருஷம் அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டே உனக்காகப் பிரார்த்தனையும் செய்தேன். இப்போது தெரிகிறது, உன் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. எனக்கே தெரியாமல் இருந்தது.

இனி நீ என்ன சொன்னாலும் சரி.

உன் அண்ணி

*

பிப்ரவரி 13

அன்புள்ள அண்ணி,

நோட்டை மூன்று தடவை படித்தேன். எங்கள் டாக்டரிடமும் காட்டினேன். வராதவர்கள் பக்கத்தை அவர் நின்றுகொண்டே படித்து முடித்தார். "இதை எழுதினது எந்தக் காலேஜ்?" என்றார். "எங்க வீட்டு முன்னறை" என்றேன்.

முதலில் நான் ஒன்று சொல்ல வேண்டும். அம்மாவுக்குச் சிறுநீர் பிரிக்கும் அந்த மாத்திரையைக் காலையில் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ராத்திரியெல்லாம் எழ வேண்டியிருக்கும். சீட்டில் 'இரவு சாப்பாட்டுக்குப் பின்' என்று எழுதியது நான். எல்லா மாத்திரையையும் ஒரே நேரத்தில் வைத்தால் உங்களுக்கு வேலை குறையும் என்று எழுதினேன். ஊரெல்லாம் காலையில் போடு என்று சொல்லிக்கொடுக்கிறவள், சொந்த அம்மாவுக்கு மாற்றி எழுதிவிட்டு பஸ் ஏறினேன். நாற்பத்து மூன்றை எண்ணிக்கொண்டிருந்தபோதே எங்கேயோ எனக்கு அது தெரியும். அதனால்தான் அவ்வளவு சத்தமாகக் கேட்டேன் என்று நினைக்கிறேன். உங்களைச் சொந்தக்காரர்கள் முன்னால் கேட்டேன். இதை உங்களிடம் மட்டும் எழுதுகிறேன். அதுவும் நியாயமில்லைதான்.

அம்மாவுக்கு இதனால்தான் அப்படி ஆனது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது அண்ணி. உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. அதை இரண்டு பேரும் இங்கேயே விடுவோம்.

இப்போது வேலை. நீங்கள் செய்த தப்புகள்:

எல்லா எண்ணும் சுழியில் முடிகிறது. மிஷின் 137 காட்டினால் 140 என்று எழுதுகிறீர்கள். சரிதானே? கூட்டுவதற்கு வசதி என்று செய்திருப்பீர்கள். பிரஷரை யாரும் கூட்டமாட்டார்கள். காட்டியதை அப்படியே எழுதுங்கள்.

மிஷின் பட்டையைக் கையில் கெட்டித் துணிக்கு மேலே சுற்றாதீர்கள். வெட்கப்பட்டால் ஜன்னலுக்குத் திரை போடுங்கள். பருமனானவர்களுக்குப் பெரிய பட்டை வேண்டும், நான் கொண்டுவருகிறேன். ஒதுங்க இடமில்லாமல் மாத்திரையை நிறுத்திய அந்த மூன்று பேரையும் டாக்டரிடம் அனுப்பி, நேரத்தை மாற்றவோ வேறு மாத்திரை தரவோ முடியுமா என்று கேட்கச் சொல்லுங்கள். தானாக நிறுத்தக் கூடாது.

சரியாகச் செய்தது: அந்த ஐந்து நிமிஷம். நீங்கள் கடவுளுக்காக உட்கார வைத்தீர்கள், நாங்கள் அதையே சட்டமாக வைத்திருக்கிறோம். ஆனால் எந்த முகாமிலும் அது நடப்பதில்லை. தையல்காரர் உங்கள் நோட்டில் ஒரு தடவைகூட 150 தாண்டவில்லை.

நோட்டை இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன், வியாழனைத் தொடருங்கள். பேச எழுதி வைத்திருந்ததைக் கிழித்துவிட்டேன். அந்தப் பக்கத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். நீங்களும் இரண்டு வார்த்தை பேச வேண்டும்.

சின்னவள்

*

பிப்ரவரி 19, வியாழன்

கடவுள் துணை.

சின்னவளுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வைத்தேன். மறுபடி எடுத்தேன். வேறு என்ன எழுத. விடுவோம் என்றாய். நானும் விடப் பார்க்கிறேன்.

ஜன்னலுக்குத் திரை போட்டாயிற்று. சுழி போடுவதையும் விட்டுவிட்டேன். 137 என்று எழுதும்போது கை கூசுகிறது.

கூட்டத்தில் என்னால் பேச முடியாது, கேட்காதே. அங்கே மனைவிமார்கள் கடைசி வரிசை. டீ கொடுப்போம், கை தட்டுவோம். தலைவர் மணி அடித்தால் உன் அண்ணனே மூச்சை நிறுத்திவிடுவார். நான் அங்கே நின்று என்ன பேசுவது? கெட்டிலோடு ஓரமாக இருக்கிறேன், நீ பேசு.

வீட்டில் சாப்பிட்டுவிட்டாவது போ.

உன் அண்ணி

*

மார்ச் 1

கடவுள் துணை.

சின்னவளுக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். நீ பஸ்ஸுக்குப் போன பிறகு நடந்ததை எழுதுகிறேன். அரைப் படம் பார்த்துவிட்டுப் போனவள் நீ.

அதற்கு முன்னால் உன்னைத் திட்ட வேண்டும். "போன முகாம்ல எத்தனை பேரப் பார்த்தீங்க?" என்று நீ கேட்டபோது "நானூத்திப் பன்னிரண்டு!" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. "அதுல இன்னிக்கு எத்தனை பேர் மாத்திரை சாப்பிடறாங்க?" என்றாய். தலைவர் அழைப்பிதழைப் புரட்ட ஆரம்பித்தார். அதோடு விட்டிருக்கக் கூடாதா? கடைசி வரிசைக்குத் திரும்பி, "அண்ணி, நம்ம தெருவுல?" என்று கேட்டுவிட்டாய். கெட்டில் கையில். எனக்கு வாய் தானாகத் திறந்துகொண்டது. "பதினெட்டுல பதிமூணு பேர் விடாம சாப்பிடறாங்க. மூணு பேர் விட்டுட்டுத் திரும்பி வந்தாங்க. ரெண்டு பேர் வரல. நாளைக்கு அவங்க வீட்டுக்குப் போறேன்." சொல்லி முடித்ததும்தான் டீ என் செருப்பில் கொட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது.

நீ போனதும் தலைவர் எழுந்தார். "ரொம்ப உருக்கமான பேச்சு. இப்போ அடுத்த முகாமுக்கு மேடை யார் போடறதுன்னு..." என்று தொடங்கினார். சங்கத்தில் உறுப்பினராக இருக்கும் பல் டாக்டர் விடவில்லை.

"தலைவரே, ஒரு நிமிஷம். நானூறு பேருக்கு நம்பர் கொடுத்தோம். நாளைக்கு எங்க வரணும்னு ஒருத்தருக்கும் சொல்லலையே."

"அதுக்குன்னு? யார் பொறுப்பு? அந்த அம்மா என்ன படிச்சிருக்காங்க?"

அப்போது ஒரு நாற்காலி பின்னால் நகர்ந்தது. பார்த்தால் உன் அண்ணன்! "அஞ்சாவது" என்றார். "நான் டிகிரி. தலைவலிக்கு நான் போடற மாத்திரை பேர்கூட எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரு முழுக்கத் தெரியும்."

"செயலாளர் குறிப்புதான் எழுதணும், பேசக் கூடாது."

"எழுதிட்டேன் தலைவரே. நான் பேசினதையும் சேர்த்து எழுதிட்டேன்."

மண்டபமே சிரித்துவிட்டது. தலைவரும் சிரித்தார், வேறு வழி இல்லை. கை தூக்கச் சொன்னார்கள். பதினொன்றுக்கு எட்டு. உடைந்த நாற்காலி போட்டு வைத்திருக்கும் கீழ்த்தள அறையை ஆறு மாசத்துக்குக் கொடுக்கிறார்கள். மாடி ஏற வேண்டியதில்லை. மிஷினும் அங்கேயே இருக்கும். நிபந்தனை ஒன்றுதான்: மாதம் ஒரு வியாழன் படித்த செவிலியர் வந்து நோட்டைச் சரிபார்க்க வேண்டும். "அவங்க நாத்தனார் வருவாங்களா?" என்று தலைவர் என்னைக் கேட்டார். நான் உனக்காக வாக்கு கொடுக்கவில்லை. கேட்டு எழுதுகிறேன் என்றேன்.

கேட்கிறேன். வருவாயா?

உன் அண்ணி

*

மார்ச் 12

அன்புள்ள அண்ணி,

வருவேன். ஒவ்வொரு மாதமும் முதல் வியாழன். எங்கள் டாக்டர் எழுத்திலேயே அனுமதி கொடுத்துவிட்டார். புதன் சாயங்காலமே வந்துவிடுவேன், வெள்ளி காலையில் திரும்புவேன். எங்கே தங்குவேன் என்று கேட்க இனி அண்ணனைத் தூது விட வேண்டாம்.

இன்னொரு விஷயம். இங்கேயும் அப்படி ஒரு பக்கம் தொடங்கியிருக்கிறேன். பதினோரு வருஷமாக வந்தவர்களை மட்டும் எண்ணி மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பியிருக்கிறோம். வராதவர்களை எழுதிப் பார்த்தால் அறுபத்து நான்கு பேர். நேற்று முதல் வீட்டுக்குப் போனேன். மேட்டில் தனியாக இருக்கும் வீடு. மரம் அறுக்கிறவரும் அவர் மனைவியும். அவருக்குச் சர்க்கரை. எட்டு மாசமாக வரவில்லை. சீருடையில் போனேன், கோப்போடு. அந்த அம்மா ஜன்னலில் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியில் நின்று, சர்க்கரையைக் கவனிக்காவிட்டால் கால் போகும், கண் போகும் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். உள்ளே ரேடியோவைச் சத்தமாக வைத்தார்கள்.

சிரிக்காதீர்கள். நீங்கள் போகிற வீட்டிலெல்லாம் கதவு எப்படித் திறக்கிறது? எழுதுங்கள், திங்கட்கிழமை மறுபடி போக வேண்டும்.

சின்னவள்

*

மார்ச் 14

கடவுள் துணை.

என் சின்னவளுக்கு,

சிரித்துவிட்டேன். உன் அண்ணனுக்கும் படித்துக் காட்டினேன். இரண்டு பேரும் சிரித்தோம், மன்னித்துவிடு.

திங்கட்கிழமைக்குள் உனக்குக் கிடைக்க வேண்டும் என்று உன் கடிதத்தைக் கொண்டுவந்த ஆஸ்பத்திரி ஜீப் டிரைவரிடமே கொடுத்து அனுப்புகிறேன். சீருடை வேண்டாம், கோப்பும் வேண்டாம். காலையும் கண்ணையும் பற்றி வாசலில் நின்று பேசாதே. மேடு ஏறி மூச்சு வாங்கத்தானே போவாய், அப்படியே போ. குடிக்கத் தண்ணீர் கேள். கொண்டுவர அந்த அம்மா உள்ளே போவார். அதற்குள் எங்கே இடம் இருக்கிறதோ அங்கே உட்கார்ந்துவிடு. உட்கார்ந்தவளை எழுந்து போ என்று சொல்ல யாருக்கும் மனசு வராது. தண்ணீரைக் குடி. வீட்டில் எத்தனை பேர், உங்களுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று அந்த அம்மாவைக் கேள். அவரை அப்படி யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். வீட்டுக்காரர் பேச்சைத் தொடங்காதே. அவராகவே தொடங்குவார்.

தொடங்காவிட்டால் எழுந்து வந்துவிடு. அடுத்த வாரம் மறுபடி தாகம் எடுக்கும்.

உன் அண்ணி